தொண்டும் தொழிலும்



"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சமூக சேவை என்று பேச்செடுத்தால் எங்கள் வீட்டில் இந்தப் பழமொழிதான் பதிலாக வரும். அப்பா கோவளத்தில் கடல் தொழில் செய்கிறார். அம்மா மீன் கூடை எடுக்கிறார். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "மூணு வருஷம் முடிஞ்சதும் ஒரு கம்பெனியில சேர்ந்துடுப்பா. வட்டிக் கடனை அடைக்கணும், தங்கச்சியைப் படிக்க வைக்கணும். ஊருக்கு நல்லது செய்யறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பது அம்மாவின் கணக்கு.

அந்தக் கணக்கில் தப்பே கிடையாது. நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இதே கணக்குதான் ஓடுகிறது. ஆனால் அந்த 'அப்புறம்' எப்போது வரும்? கடன் அடைந்த பிறகு கல்யாணம், கல்யாணத்துக்குப் பிறகு வீடு, வீட்டுக்குப் பிறகு பிள்ளைகள் என்று அது தள்ளிக்கொண்டே போகும். வீட்டையும் கைவிடாமல் ஊரையும் மறக்காமல் ஒரு டிப்ளமோக்காரன் பிழைக்க முடியுமா? சேவையையே ஒரு வேலையாகச் செய்ய முடியுமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நம் பக்கத்து ஊர்களிலேயே விடை கிடக்கிறது.

கொடுக்கும் முன் கேட்க வேண்டும்

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது நாங்கள் யாரும் பிறக்கவில்லை. ஆனால் கடற்கரையில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கதை பாடப்புத்தகம் மாதிரி. உதவி மலைபோல் வந்தது. அதில் உயிர் காத்த உதவியும் உண்டு, வீணாய்ப் போன உதவியும் உண்டு. லாரி லாரியாக வந்த பழைய துணிகள் பல ஊர்களில் எடுப்பாரில்லாமல் சாலையோரம் கிடந்தன. சில இடங்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான பைபர் படகுகள் வந்து இறங்கின. அவசரத்தில் செய்த படகுகளில் தரமில்லாதவையும் இருந்தன. படகு பெருகியது, கடலில் மீன் பெருகவில்லை.

கொடுத்தவர்கள் மனம் கெட்டவர்கள் இல்லை. யாருக்கு என்ன வேண்டும், எத்தனை வேண்டும், கொடுத்த பிறகு யார் பராமரிப்பார்கள் என்று கேட்க ஆள் இல்லை. மெஷின் வாங்கும் முன் லோடு என்ன, இடம் எவ்வளவு, ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று பார்ப்பது நமக்குச் சொல்லித் தரப்பட்ட பழக்கம். சேவைக்கும் அந்தப் பழக்கம் தேவை. நல்ல மனசு மட்டும் போதாது. அளவெடுக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். டிப்ளமோ படித்த நமக்கு அங்கே இடம் இருக்கிறது.

வடநெம்மேலி சொல்லும் பாடம்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி வரும். முதலைப் பண்ணை பார்க்க எல்லாரும் போயிருப்பீர்கள். அந்த வளாகத்துக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதை வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறோம். அதன் வரலாற்றை யாரும் கேட்பதில்லை.

இருளர் மக்கள் பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துதான் பல குடும்பங்கள் பிழைத்தன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. சட்டம் நியாயமானது. ஆனால் ஒரு சமூகத்தின் அடுப்பு அணைந்து போனது. அப்போது ரோமுலஸ் விட்டேகரும் இருளர் மக்களும் சேர்ந்து 1978-ல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாம்பைக் கொல்லாமல், அதன் விஷத்தை எடுத்து விஷமுறிவு மருந்து செய்பவர்களுக்கு விற்பதுதான் திட்டம்.

வேலை நடக்கும் முறையைக் கவனியுங்கள். வனத்துறை அனுமதியோடு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு வகைகளைப் பிடிக்கிறார்கள். வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, அதற்குள் நான்கு முறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பவும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருக்கும் பாம்பை உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள். நம் நாட்டில் விஷமுறிவு மருந்து செய்யத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள். ஒன்று, அந்த மக்களிடம் ஏற்கனவே இருந்த திறமையின் மேல்தான் தொழில் கட்டப்பட்டது. இரண்டு, அது கூட்டுறவுச் சங்கம். அவர்களே உறுப்பினர்கள், கை நீட்டி வாங்குபவர்கள் அல்ல. மூன்று, விற்க ஒரு பொருள் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறார்கள். இதில் சிரமமும் உண்டு. அனுமதி தாமதமானாலோ, ஆர்டர் குறைந்தாலோ வருமானம் படுத்துவிடும். ஆகவே சங்கம் ஆரம்பித்ததோடு வேலை முடிவதில்லை. வருஷா வருஷம் நடத்த வேண்டும்.

எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-ல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். வெளியூர்க்காரர்கள் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு கிடையாது. குடி, சிகரெட் கூடாது என்பதுதான் கட்டணம். கடல் தெரிந்த கைகளுக்குக் கடலிலேயே இன்னொரு தொழில் கிடைத்தது.

வேலையை விட்டு ஊருக்கு வந்தவர்

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தைச் சேர்ந்தவர் இளங்கோ ரங்கசாமி. தலித் குடும்பத்தில் பிறந்து கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996-ல் ஊராட்சி மன்றத் தலைவரானார். வடிகால் கட்டும்போது கிரானைட் ஆலைகளில் வீணாகும் கற்களைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். அரசு மதிப்பீட்டுப்படி கட்டவில்லை என்று பதவியே போய்த் திரும்பி வந்தது. தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளை உள்ளூர் மண் கற்களைக் கொண்டு எழுப்பினார். அவர் படித்த படிப்பு ஊருக்குள் போய் வேலை செய்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே வேலையை விட வேண்டும் என்று நினைக்காதீர்கள். அவர் வேலையை விட்டபோது அவர் மனைவி வேலையில் இருந்தார். வீடு அந்தச் சம்பளத்தில் நடந்தது. தியாகிகளின் கதையில் இந்த வரியைத்தான் நாம் தாண்டிப் போய்விடுகிறோம். சேவைக்குப் போகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என் வீட்டு அரிசிக்கு யார் பொறுப்பு?" என்பதே. அந்தப் பொறுப்பை அம்மாவின் மீன் கூடை மேல் ஏற்றிவிட்டு நான் ஊருக்கு உழைத்தால் அது சேவை ஆகாது.

நமக்கு உள்ள நான்கு படிகள்

முதல் படி, படிக்கும் காலம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். சான்றிதழுக்காக மட்டும் போகாதீர்கள். ஊரை அளக்கும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ல் சென்னை மாணவர்கள் சிலர் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கென்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். மாணவர்கள் மாறிக்கொண்டே இருந்தும் வேலை நிற்கவில்லை. காசே இல்லாத வயதிலும் நேரம் கொடுக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

இரண்டாம் படி, முதல் வேலை. முதலில் வீட்டுக் கடன் அடையட்டும். அதோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கைத்தொழிலுக்கு ஒதுக்குங்கள். நானும் இரண்டு நண்பர்களும் இப்போதே ஒரு நோட்டு எழுதி வருகிறோம். எங்கள் ஊர்ப் படகுகளின் அவுட்போர்டு இன்ஜினுக்கு வரும் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுதுகிறோம். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவு. குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சுவது குறைந்தால் பம்ப் இம்பெல்லரைப் பார். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் நடுக்கடலில் இன்ஜின் நின்றால் அது உயிர்ப் பிரச்சினை.

மூன்றாம் படி, தொண்டு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்வது. குடிநீர், சூரிய மின்சாரம், வீடு கட்டுதல், தொழிற்பயிற்சி என்று பல வேலைகளுக்கு டெக்னிக்கல் ஆட்கள் தேவை. சம்பளம் கம்பெனியைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் நியமன உத்தரவு, பி.எப்., சம்பளத் தேதி இவற்றைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் உங்கள் உழைப்பைப் போடாதீர்கள்.

நான்காம் படிதான் சொந்தமாக ஆரம்பிப்பது. நம் பசங்க இதையே முதல் படியாக நினைக்கிறார்கள்! அதற்கு மூன்று வழிகள் உண்டு. பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும் அறக்கட்டளை ஒன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதியும் சங்கம் இரண்டாவது. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 8-ஆம் பிரிவில் வரும் லாப நோக்கமற்ற கம்பெனி மூன்றாவது. எதுவானாலும் தனி வங்கிக் கணக்கும் ஆண்டுத் தணிக்கையும் வேண்டும். பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருட லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பணம் கணக்கு சுத்தமாக உள்ள இடத்தைத் தேடித்தான் வரும். வேறு இடத்தில் சில வருடம் உழைத்துக் கணக்கெழுதக் கற்றவனே இந்தப் படியில் ஏறலாம்.

எது மிஞ்சுகிறது?

மறுபடி பழமொழிக்கு வருகிறேன். தனக்கு மிஞ்ச வேண்டும் என்பது சரிதான். ஆனால் மிஞ்சுவது பணம் மட்டும்தானா? முதல் தலைமுறையாகப் படிக்கிற நம்மிடம் இன்றைக்கே ஒன்று மிஞ்சியிருக்கிறது. அது வழி தெரிந்திருப்பது. பாலிடெக்னிக் விண்ணப்பம் எப்போது வரும், சாதிச் சான்றிதழ் எங்கே வாங்குவது, டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதெல்லாம் நம் வீடுகளில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டங்கள் தொடங்கப்பட்டதும், யாராவது சொன்னால்தான் நம் தெருவுக்குத் தெரியும்.

ஆகவே நண்பர்களே, சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் பத்தாவது முடித்த ஒரு பிள்ளையைக் கூட்டிப்போய் விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். அதற்கு டிரஸ்ட் வேண்டாம், ரசீதுப் புத்தகம் வேண்டாம். ஒரு பேனா போதும். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை இன்னொருத்தருக்கு நிரப்பிக் கொடுக்கும்.