மேனுவலைத் திறக்கும் ஹீரோ

பிரம்மாண்ட ரோபோ அனிமேவை எந்த வயசுல பார்க்கணும்? எட்டு வயசுலன்னு சொல்வீங்க. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரை முடிச்ச பிறகு பாருங்கன்னு நான் சொல்வேன். 1979-ல் வந்த 'மொபைல் சூட் கண்டம்' தொடரை நான் இந்த ஃபைனல் இயர்லதான் பார்த்தேன்.

முதல்ல கொஞ்சம் வம்சாவளி. 1956-ல் மங்காவாக வந்த டெட்சுஜின் 28 ரிமோட்டில் ஓடும். 1967-ல் வந்த ஜயன்ட் ரோபோ ஒரு சிறுவனோட கைக்கடிகாரத்துக்குக் கட்டுப்படும். 'ஜானி சோக்கோ'ன்னு வீட்டில் சொல்லிப் பாருங்க, எண்பதுகளில் தூர்தர்ஷன் பார்த்த அப்பாக்கள் முகம் மாறும். 1972-ல் மசிங்கர் இசட்டில் பைலட் ரோபோவுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தான். எல்லாமே கிட்டத்தட்ட சாமி மாதிரி. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், அதுக்கு ஈடு கிடையாது.

யோஷியுகி டோமினோ இயக்கிய கண்டத்தில் இது மாறுது. முதல் எபிசோட்லயே அமுரோ என்கிற பதினைஞ்சு வயசுப் பையன் ஆப்பரேஷன் மேனுவலைக் கையில் வெச்சுக்கிட்டுத்தான் ரோபோவில் ஏறுறான். அது ஒரு புரோட்டோடைப். அது சண்டை போட்டுச் சேர்க்கிற டேட்டா, பின்னாடி மலிவாகத் தயாராகிற 'ஜிம்' ரோபோக்களுக்குப் போகுது. ரோபோவை ஒரு புராடக்டாகப் பார்க்கிற இந்தப் பார்வை எட்டு வயசில் எனக்குப் பிடிபட்டிருக்காது.

இப்போ பேப்பர் எடுங்க. கண்டத்தோட உயரம் 18 மீட்டர். நம்ம ராஜகோபுரம் 66 மீட்டர், அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல. 1.8 மீட்டர், 70 கிலோ ஆளைப் பத்து மடங்கு பெரிசாக்கினால் எடை ஆயிரம் மடங்கு ஏறும், 70 டன். காலோட குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் ஏறும். ஆக ஸ்ட்ரெஸ் பத்து மடங்கு. தொடர் சொல்ற வெற்று எடையோ 43.4 டன்தான். மனுஷன் தண்ணீரைவிடப் பெரிசா கனமில்லை, அப்போ அதே உருவத்தில் இந்த எடைன்னா ரோபோ மிதக்கும். கண்டத்துக்குத் தண்ணியில கண்டம் இல்லை!

நிற்கிறதுகூடப் பரவாயில்லை, விழறதுதான் பிரச்சினை. ஒரே சீரான கம்பியா எடுத்துக்கிட்டா, நின்ன இடத்திலேயே சாயும்போது தலை தரையைத் தொடுற வேகம் மணிக்கு சுமார் 83 கிலோமீட்டர். உள்ளே ஒரு ஆள் இருக்கார், மறந்துடாதீங்க. யோகோஹாமாவில் 2020 முதல் 2024 வரை நிஜமாகவே 18 மீட்டர் கண்டம் ஒன்றை அசைய வெச்சிருந்தாங்க. எடை சுமார் 25 டன். அதையும் இடுப்பில் ஒரு தாங்கி பிடிச்சிருந்தது. தீபத் திருவிழா ஏழாம் நாள் மாடவீதியில் பெரிய தேர் திரும்புறதைப் பார்த்தவங்களுக்கு இது புதுசில்லை. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிச்சாலும், திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுறவர் வேணும்.

ஆனா என்னை உலுக்கினது கணக்கு இல்லை. கண்டத்தை உருவாக்கிய இன்ஜினியர் டெம் ரே, அமுரோவோட அப்பா. முதல் சண்டையிலேயே மகன் அடிச்ச எதிரி ரோபோ வெடிச்சுக் காலனிச் சுவர் ஓட்டையாகி, அவர் விண்வெளிக்கு இழுத்துப் போகப்படுறார். பல எபிசோட் கழிச்சு வேறொரு காலனியில் மகன் அவரைப் பார்க்கிறான். ஆக்சிஜன் இல்லாமல் மூளை பாதிச்சிருக்கு. ரோபோவில் பொருத்தச் சொல்லி, பெருமையா ஒரு சர்க்யூட்டைக் கொடுக்கிறார். அது எப்பவோ பழசாகிப்போன பார்ட். பையன் அதை வெளியே கொண்டுபோய்த் தரையில் வீசுறான்.

எங்க அப்பா திருவண்ணாமலையில் மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கார். காயில் சுற்று எண்ணி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இப்போ பி.எல்.டி.சி ஃபேன் ரிப்பேருக்கு வந்தா, போர்டை என் பக்கம் தள்ளிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்தக் காட்சியில் வீடியோவை நிறுத்திட்டேன், மறுநாள்தான் தொடர்ந்தேன். நானும் படிச்சு முடிச்சு வெளியே போகப் போறேன், எனக்குத் தெரிஞ்சது எத்தனை வருஷம் தாங்கும்?

இந்தத் தொடருக்கே ரசிகர்கள் தாமதமாத்தான் வந்தாங்க. ரேட்டிங் சரியில்லைன்னு 52 எபிசோட் திட்டத்தை 43-ல் முடிச்சுட்டாங்க. மறுஒளிபரப்பும், 1980-ல் பண்டாய் விட்ட பிளாஸ்டிக் மாடல்களும்தான் தூக்கி நிறுத்தின.

1981, 82-ல் இதையே சுருக்கி மூணு படமாக்கினாங்க. நேரமில்லைன்னா அது போதும். ஆனா செமஸ்டர் லீவ் இருந்தா 43-ஐயும் பாருங்க. படம் வரைஞ்ச விதம் சில எபிசோட்ல ரொம்ப சுமார்தான், முதல் மூணு எபிசோடுக்குள்ள பழகிடும்.