ஏரி நாட்டில் மிதிவண்டி

நாட்டைக் காணும் வழிகள் பல. புகைவண்டியில் செல்வோர் ஊர்ப் பெயர்களைப் பலகைகளில் படித்துக்கொண்டே கடந்து செல்வர். பெருவழியில் விரையும் காரில் செல்வோர்க்கு வயலும் வாய்க்காலும் ஒரு பச்சைக் கோடாகத் தோன்றி மறையும். நடந்து செல்வோர் அனைத்தையும் காண்பர். ஆயினும் அவர் ஒரு பகலில் கடக்கும் தொலைவு சிறிது. காணவும் கடக்கவும் ஒருங்கே உதவும் எளிய ஊர்தி மிதிவண்டியாகும். நடப்பவர் செலவிடும் முயற்சியைக் கொண்டே மிதிவண்டியில் செல்பவர் ஏறத்தாழ மூன்று மடங்கு தொலைவு செல்லலாம். அது புகை விடுவதில்லை; இரைச்சல் எழுப்புவதில்லை; வேண்டிய இடத்தில் வேண்டியவுடன் நிற்கும்.

இவ்வூர்தி ஒரு நாளில் உருவானதன்று. 1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் டிரைஸ் என்பார், இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து, காலால் தரையை உந்திச் செல்லும் மரவண்டி ஒன்றைச் செய்தார். அதற்கு மிதிகட்டை இல்லை. 1860-களில் பிரான்சு நாட்டில் முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்தினர். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டியை அமைத்தார். 1888-இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இன்று தெருவில் காணும் மிதிவண்டியின் வடிவம் இவ்வாறு நிலைபெற்றது. தமிழ்நாட்டில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. அதன் தொழிற்சாலை அமைந்த அம்பத்தூர் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பிறந்த மாவட்டத்தின் நிலமே மிதிவண்டிக்கு மிகவும் ஏற்ற நிலமாகவும் அமைந்தது ஓர் இனிய பொருத்தமாகும்.

செங்கழுநீர்ப் பூக்கள் மிகுந்திருந்தமையால் செங்கழுநீர்ப்பட்டு எனப் பெயர் பெற்ற ஊரே செங்கற்பட்டு என மருவியது என்பர். 2019-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து அது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆங்காங்கே சிறு குன்றுகள் தோன்றினும் அம்மாவட்டத்தின் பெரும்பகுதி சமவெளியே. அங்கு ஓடும் பேராறு பாலாறு ஒன்றுதான்; அதுவும் ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். பின்னர்ப் பல மாதங்கள் வானம் வறண்டிருக்கும். சில வாரங்களில் வரும் நீரை ஆண்டு முழுவதும் காக்க வேண்டியிருந்தமையால், ஊர்தோறும் ஏரி தோன்றியது.

சமவெளி என்று கூறினும் இந்நிலம் முற்றிலும் சமமானதன்று. மேற்கிலிருந்து கடலை நோக்கி அது மெல்ல மெல்லச் சரிகிறது. செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு உண்டு. அத்துணைத் தொலைவில் நிலம் தாழ்வது சில பத்து மீட்டர் அளவே. அச்சரிவு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால், அச்சரிவை அறிந்து முன்னோர் எழுப்பிய கரைகளை மிதிவண்டியில் செல்பவரின் கால்கள் தவறாமல் உணரும். வயல்களினூடே இலேசாகச் சென்ற வண்டி ஓரிடத்தில் கனக்கும். அழுத்தி மிதித்து மேலேறினால், சாலை ஓர் ஏரிக்கரையின்மேல் செல்வது தெரியும். ஒருபுறம் நீர்ப்பரப்பு விரிந்திருக்கும். மறுபுறம் அந்நீரினும் தாழ்ந்து வயல்கள் பசுமையாய் நிற்கும். கண் காணாத சரிவை முன்னோர் எவ்வாறு கண்டறிந்து பயன்கொண்டனர் என்பது அக்காட்சியில் விளங்கும்.

ஏரியின் அமைப்பு எளியது. ஆயினும் நுட்பம் வாய்ந்தது. நிலம் தாழும் பக்கத்தில் பிறை வடிவாக மண்ணால் கரை எழுப்புவர். உயர்ந்த பக்கம் திறந்தே இருக்கும். மழைநீர் அவ்வழியே தானே வந்து சேரும். கரையின் அடியில் அமைந்த மதகின் வழியாக நீர் வயலுக்குப் பாயும். ஏரி நிறைந்து கரை உடையாதிருக்கும்பொருட்டு ஒரு பக்கத்தில் கலங்கல் கட்டுவர். கலங்கல் வழியே வழியும் நீர் வீணாவதில்லை. கால்வாய் வழியே அடுத்த ஏரியை அடையும். அவ்வேரி நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். மிதிவண்டியின் சங்கிலியில் கண்ணிகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதுபோல ஏரிகளும் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. ஒரு கண்ணி அறுந்தால் வண்டி ஓடாது. ஒரு கால்வாய் தூர்ந்தால் ஏரித் தொடரும் பயனற்றுப் போகும். இத்தகைய ஏரிகளைக் காப்பதற்கென்றே ஏரி வாரியம் என்னும் குழு இருந்ததை, உத்தரமேரூரில் உள்ள பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன.

இவ்வேரி நாட்டைக் காண விரும்புவோர் மார்கழி தை மாதங்களில் விடியற்காலையில் புறப்படுதல் நன்று. செங்கற்பட்டு நகரை ஒட்டிய கொளவாய் ஏரியில் அப்போது பனி படர்ந்திருக்கும். தெற்கே பாலாற்றைக் கடந்து படாளம் சென்று, அங்குப் பெருவழியை விட்டு மேற்கே திரும்பினால் இரைச்சல் அடங்கிவிடும். அறுவடைக் காலத்தில் உழவர் சில இடங்களில் சாலையோரத்திலேயே நெல்லைக் காய வைத்திருப்பர். அறிந்தோர் அதன்மேல் வண்டியை ஏற்றாமல் விலகிச் செல்வர். உழும் வயலில் கொக்குகள் அஞ்சாமல் மேயும். மிதிவண்டி அணுகும்போது அவை தலையை நிமிர்த்திப் பார்த்து, மீண்டும் இரை தேடும். ஒலிப்பானை அலறவிட்டு வரும் வண்டியைக் கண்டாலோ கூட்டமாக எழுந்து பறந்துவிடும்.

அச்சாலை வேடந்தாங்கலை அடையும். வேடர் தங்கிய இடம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். தாங்கல் என்னும் சொல் சிறு ஏரியையும் குறிக்கும். வேடர் பெயரைத் தாங்கிய அவ்வூர் இன்று பறவைகளின் புகலிடமாக விளங்குகிறது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரியில் மரங்கள் நீரிலேயே நிற்கும். அவற்றின் கிளைகளில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். ஊசிவால் வாத்து முதலியன இமயத்துக்கு அப்பாலிருந்து பனிக்காலத்தில் வந்து சேரும்.

அப்பறவைகளை முதலில் காத்தவர் அவ்வூர் உழவரே. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு நல்ல உரமாவதை அவர்கள் பட்டறிவால் கண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் அப்பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் அதனைத் தடுக்க வேண்டும் என்று முறையிட்டனர் என்றும், அக்காலத்துக் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்கள் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார் என்றும் கூறுவர். 1936-இல் அவ்வேரி பறவைகளின் சரணாலயமாக அரசின் ஏற்பைப் பெற்றது. 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் உருவான ஈரநில ஒப்பந்தத்தின்கீழ், 2022-இல் வேடந்தாங்கலும் அண்மையிலுள்ள கரிக்கிலியும் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களாக இடம்பெற்றன. ஏட்டில் சட்டம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே, உழவர் தம் உள்ளத்தில் அதனை எழுதிவைத்திருந்தனர் எனலாம்.

மேற்கே நீர் தேங்கும் இடத்தைக் கண்டவர், கிழக்கே அது சென்று சேரும் கடற்கரையையும் காணுதல் வேண்டும். செங்கற்பட்டிலிருந்து கிழக்கே செல்லும் சாலையில் பாதித் தொலைவில் திருக்கழுக்குன்றம் உள்ளது. குன்றின்மேல் கோயிலும், ஊரில் சங்கு தீர்த்தம் என்னும் பெரிய குளமும் உண்டு. இவ்வழியில் செல்வோர் வெயில் ஏறுமுன் கடற்கரையை அடைதல் நலம். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எதிரே வீசும். எதிர்க்காற்றில் விரைவை இரு மடங்காக்க முயல்வோர்க்குக் காற்றின் தடையும் பன்மடங்காகும். ஆதலின் காற்றோடு போராடாமல் மெல்லச் செல்வதே அறிவுடைமை.

மாமல்லபுரத்தை நெருங்கும்போது பக்கிங்காம் கால்வாயைக் கடக்க வேண்டும். 1806-இல் சென்னைக்கு வடக்கே சிறு அளவில் வெட்டத் தொடங்கிய அக்கால்வாய், 1876 முதல் 1878 வரை நிலவிய கொடிய பஞ்சத்தின்போது, பசித்த மக்களின் உழைப்பால் சென்னை நகரினூடே இணைக்கப்பெற்றது. விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் ஒருகாலத்தில் அதில் சென்றன. அதனைக் கடந்தால் பல்லவர் சிற்பங்கள் தோன்றும். 1984-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற அவற்றுள், அருச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறையின் நடுவே ஒரு பிளவு உண்டு. அதில் நாகர் உருவங்கள் உள்ளன. மேலே அமைந்த தொட்டியிலிருந்து அப்பிளவின் வழியே நீர் வழிந்திருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுவர். நீர் இறங்கும் காட்சியைக் கல்லிலும் போற்றிய நாடு இது.

நீரின் வழியை மறந்தால் வரும் கேட்டையும் இந்நாடு கண்டுள்ளது. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் பெருமழை பெய்தபோது, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் முதலிய இடங்களில் வீடுகள் நீரில் மூழ்கின. கால்வாய் அகன்றிருக்க வேண்டிய இடத்தில் அது சுருங்கியிருந்தால், ஏரியின் மிகைநீர் தெருவைத்தான் தன் வழியாகக் கொள்ளும். கால்வாய் ஒரே நாளில் மறைவதில்லை. இன்று ஒரு வண்டி மண், நாளை ஒரு வேலி, மறுநாள் ஒரு சுவர் என்று சிறிது சிறிதாகவே அது தூர்கிறது. விரைந்து செல்வோர் கண்ணில் இம்மாறுதல் படுவதில்லை. அதே சாலையில் நாள்தோறும் மெல்லச் செல்பவரே அதனை முதலில் காண்பர்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் பயில்வோர்க்கு அரசே மிதிவண்டி வழங்குகிறது. பள்ளிக்குச் செல்லவே அது தரப்படினும், ஊரை அறியவும் அது பயன்படும். தம் ஊர் ஏரியின் கரை எது, மதகு எத்தனை, கலங்கல் நீர் எவ்வூருக்குச் செல்கிறது என்பவற்றை ஒரு விடுமுறை நாளில் மிதிவண்டியில் சென்றே மாணவர் அறியலாம். அவ்வாறு அறிந்தவர், கால்வாயில் கொட்டிய முதல் வண்டி மண்ணைக் கண்டவுடன் ஊராரிடம் சென்று உரைப்பர். ஏரியைக் காக்கும் தொண்டு அங்கேதான் தொடங்குகிறது.