பின்சுவரில் இருக்கும் இரும்புக் குழாய்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் பக்கத்துப் பழைய மாடி வீடுகளின் பின்சுவரைப் பாருங்கள். கறுப்புத் தார் பூசிய நாலு அங்குலக் கழிவுநீர்க் குழாய் ஒன்று தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஏறியிருக்கும். வார்ப்பிரும்பு, பிளம்பர்கள் சி.ஐ. பைப் என்பார்கள். ஆறடிக்கு ஒரு ஜாயிண்ட். சணலைத் திணித்து, அதன்மேல் ஈயம் காய்ச்சி ஊற்றி, உளியால் இறுக்கியது. அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பதே இப்போது அபூர்வம். அதனால் ஒரு ஜாயிண்ட் கசிந்தாலே மொத்தத்தையும் கழற்றிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள்.

சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்றால் இரும்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘டப்’ என்றால் துரு அரித்திருக்கிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது. சுவரை ஒட்டிய முதுகுப்பக்கத்துக்குக் கட்டிய நாளிலிருந்து யாரும் பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து அங்கே பாருங்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான். ஒரே இடத்தில் கசிவு என்றால் அதை மட்டும் அடைத்தால் போதும். நாலைந்து இடத்தில் கசிந்து, சுவர் ஓதமடித்து, இடுக்கில் அரசங்கன்றும் முளைத்துவிட்டதா? மாற்றிவிடுங்கள்.

கடையில் வெறுமனே பி.வி.சி. என்று கேட்காதீர்கள். எஸ்.டபிள்யூ.ஆர். பைப், ஐ.எஸ். 13592, ‘டைப் பி’ என்று கேளுங்கள். ‘டைப் ஏ’ மெல்லிசு, விலையும் குறைவு. மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உரியது. கழிப்பறைக்கு 110 மி.மீ., குளியலறைத் தண்ணீருக்குத் தனியாக 75 மி.மீ. செங்குத்துக் குழாய்க்கு ரப்பர் ரிங் வைத்த ஜாயிண்டே நல்லது. வெயிலில் பி.வி.சி. நீளும், அதற்கு இடம் வேண்டும். மாடிக்கு ஒரு டோர் டீயும் வாங்குங்கள். நாளைக்கு அடைத்துக்கொண்டால் திறந்து குத்த அதுதான் வழி.

வேலைக்கு முதல் நாளே எல்லா மாடிக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள். காலையில் டேங்க் வால்வை அடைத்துவிட்டு, குழாய் போய்ச் சேரும் சேம்பரின் மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள். யாரையும் சேம்பருக்குள் இறங்கச் சொல்லாதீர்கள். விஷவாயு நிமிஷத்தில் ஆளைச் சாய்த்துவிடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்யப் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றமும்கூட.

கழற்றுவது மேலிருந்து கீழே. ஆறடித் துண்டு ஒன்று இருபது கிலோவை ஒட்டி வரும். எனவே சாரம் கட்டி, துண்டைக் கயிற்றால் பிணைத்த பிறகுதான் கட்டிங் மெஷினை வைக்க வேண்டும். சம்மட்டியால் அடித்து உடைத்தால் சில்லுகள் உள்ளே விழுந்து அடி பெண்டை அடைத்துக்கொள்ளும். ஜாயிண்டைச் சூடாக்கி ஈயத்தை உருக்கி எடுக்கிறேன் என்பவரைத் தடுத்துவிடுங்கள், அந்தப் புகை நஞ்சு.

இதுவரை சொன்னது எந்தப் பிளம்பரும் செய்கிற வேலை. சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் ஒளிந்திருக்கும் ஒன்றரை அடித் துண்டில்தான் சிக்கலே. கழிப்பறைப் பீங்கானிலிருந்து பெரிய குழாய்க்கு வரும் துண்டு அது. “சார், இது நல்லாத்தான் இருக்கு, தரையை உடைக்க வேணாம், சிமெண்ட் வச்சுச் சேத்துடலாம்” என்றார் எங்கள் வீட்டுக்கு வந்தவர். செலவு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். ஆறு மாதத்தில் கீழ்வீட்டுச் சமையலறைக் கூரையில் பழுப்பு வட்டம் விழுந்தது. தரையை உடைத்து அந்தத் துண்டை எடுத்தபோது துரு ஏடு ஏடாகப் பிரிந்து கையில் வந்தது. நாலு அங்குல வாயில் ஓர் எலுமிச்சம்பழம் நுழையும் வழிதான் மிச்சம் இருந்தது. முன்பே உடைத்திருந்தால் ஒரு செலவோடு போயிருக்கும்.

ஆகவே அந்தத் துண்டையும் பீங்கானுக்குக் கீழே இருக்கும் பழைய டிராப்பையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். புதிய குழாய்க்கு நாலடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் சரிவு போதும். இன்னொரு விஷயம்: பி.வி.சி. வழவழப்பானது, சிமெண்ட் அதைப் பிடிக்காது. தளத்துக்குள் போகும் பகுதியின் வெளிப்புறத்தில் சால்வெண்ட் தடவி, ஈரம் காயும் முன் சலித்த உலர்ந்த மணலைத் தூவுங்கள். சொரசொரப்பான அந்தத் தோலைக் கான்கிரீட் கவ்விக்கொள்ளும். டைல்ஸ் ஒட்டுமுன் தரையில் ஒருநாள் தண்ணீர் தேக்கிப் பார்த்துவிடுங்கள்.

புதுக்குழாயை ஏற்றுவது கீழிருந்து மேலே. அடியில் ஒரே 90 டிகிரி பெண்ட் வேண்டாம். இரண்டு 45 டிகிரி பெண்டுகளைச் சேர்த்து, கான்கிரீட்டில் உட்காரவையுங்கள். ஒவ்வொரு குழாயின் அகன்ற வாயும் மேல்நோக்கி இருக்கட்டும். வெட்டிய முனையை அரத்தால் சரித்து, சோப்புத் தண்ணீர் தடவிச் செருகுங்கள். கிரீஸும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். முட்டும்வரை தள்ளியபின் 10 மி.மீ. பின்னால் இழுத்துவிடுங்கள். குழாய் நீள்வதற்கான இடம் அதுதான். நாலடிக்கு ஒரு கிளாம்ப் போடுங்கள்; சுவருக்கும் குழாய்க்கும் நடுவே பிரஷ் நுழையும் இடைவெளி இருக்கட்டும். மேல்முனை மொட்டைமாடியில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கட்டும், அதற்கு மேல் கவ்ல் என்னும் காற்றுமூடி. மழைத்தண்ணீர்க் குழாயை இதில் சேர்க்கவே கூடாது.

சேம்பர் பக்கம் அடைப்பானைச் செருகி, ஒரு மாடி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பிக் கால்மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் ஜாயிண்ட் கசிகிறது. தண்ணீரில் சொட்டு நீலம் கலந்திருந்தால் எந்த ஜாயிண்ட் என்று சுவரே காட்டிக்கொடுக்கும். எல்லாம் சரியென்றால் பெயிண்ட் அடியுங்கள், வெயில் பி.வி.சி.யை நொறுங்க வைத்துவிடும். இரும்புக் குழாயின் நிசப்தம் மட்டும் இதில் கிடைக்காது. ராத்திரி மேல்வீட்டில் தண்ணீர் ஊற்றினால் கேட்கத்தான் செய்யும்.

பழைய இரும்பை எடைக்குப் போடும்போது ஜாயிண்டில் இருக்கும் ஈயத்தை மறந்துவிடாதீர்கள். இரும்பைவிட அதற்கு விலை அதிகம். தனியாக எடை போடச் சொல்லுங்கள்.