தாத்தாவின் மச்சம்: அச்சுக்கலைப் பட்டறையில் கற்றது

போன பள்ளி விடுமுறையில் நம் இளைஞர் கிளை லெம்பா பெர்த்தாமில் மூன்று நாள் அச்சுக்கலைப் பட்டறை ஒன்றை நடத்தியது. இடம், மாரியம்மன் கோயில் மண்டபம். தேவாரம் பாடி முடித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தால் எதிரே லினோ தாள், உளி, மை, உருளை. "என்னப்பா, கோயில்ல டிராயிங் கிளாஸா?" என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் போனதற்குக் காரணம் கலை ஆர்வம் இல்லை. 2013 அக்டோபரில் ஒரு நள்ளிரவு பெர்த்தாம் ஆறு சேறும் தண்ணீருமாக இந்தப் பள்ளத்தாக்கில் புகுந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீட்டில் யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்ல முடியவில்லை. எங்களுக்குப் போனது ஆல்பம். கல்யாணம், காதுகுத்து, தோட்டத்துத் திருவிழா, எல்லாப் படமும் ஒரே இரவில் சேறாகிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த தாத்தா படம் மட்டும் கிடைத்தது. அதையும் சட்டத்திலிருந்து பிரித்தபோது முகத்தில் பாதி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மச்சம் இருந்த பக்கம்தான் போனது. தாத்தாவுக்கு வேறு படம் இல்லை.

பட்டறை அறிவிப்பில் "ஒரு முறை செதுக்கினால் பல பிரதி எடுக்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் பேர் கொடுத்தேன்.

முதல் நாள் லினோ. ஆளி விதை எண்ணெய், தக்கைத் தூள் எல்லாம் கலந்து செய்யும் பழைய காலத்துத் தரைவிரிப்புதான் லினோலியம். மரத்தைவிட எளிதாகச் செதுக்கலாம், மரத்தில் இருக்கும் ரேகை இதில் இல்லை. படத்தில் எது வெள்ளையாக வர வேண்டுமோ அதைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். மிச்சம் மேடாக நிற்பதில்தான் மை ஒட்டும். சொல்லிக் கொடுத்த அண்ணன் கோலாலம்பூர்க்காரர், நம் மலைக் குளிர் அவருக்குப் பழக்கமில்லை. காலையில் லினோ விறைத்துப்போய் உளி வழுக்கியது. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தங்கச்சி சுடுதண்ணீர் போத்தலைத் துண்டில் சுற்றி லினோ மேல் உருட்டினாள். அஞ்சு நிமிஷத்தில் வெண்ணெய் மாதிரி ஆனது. வீட்டில் செய்து பார்ப்பவர்கள் இதை மறக்காதீர்கள். விறைத்த லினோவில் பலம் கொடுத்து அழுத்தினால்தான் உளி கையில் பாயும். உளி போகிற திசையில் உங்கள் இன்னொரு கை இருக்கவே கூடாது. அன்றைக்கு எங்கள் மருந்துப் பெட்டியில் மூன்று பிளாஸ்திரி செலவு.

மை தடவுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கண்ணாடித் துண்டில் கொஞ்சமாக மை வைத்து உருளையால் இழுக்க வேண்டும். உருளை ஓடும்போது ஈரத் தரையில் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் அளவு சரி. சத்தமே இல்லாமல் வழுக்கினால் மை அதிகம், நுணுக்கமான கோடெல்லாம் அடைத்துவிடும். பிறகு தாளை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். இயந்திரம் தேவையில்லை.

கரண்டி சலித்துப்போன பையன்களுக்கு அண்ணன் சபாவில் ரானாவ் பக்கம் இருக்கும் பங்க்ரோக் சுலாப் குழுவைப் பற்றிச் சொன்னார். 2010-இல் தொடங்கிய குழு அது. 'சுலாப்' என்றால் அங்கே வயல்வேலைக்காரர்கள் இளைப்பாறும் குடிசை. பெரிய பெரிய பலகையில் செதுக்கி, மை பூசி, துணியை விரித்து, பாட்டைப் போட்டுவிட்டு அதன்மேல் ஏறி ஆடியே அச்செடுப்பார்கள். 'வாங்காதே, நீயே செய்' என்பதுதான் அவர்கள் கொள்கை. கிராமம் கிராமமாகப் போய் ஊர்மக்களையும் செதுக்க வைக்கிறார்கள். இதைக் கேட்டதும் நம் பையன்கள் உறுமியை எடுத்துவிட்டார்கள்! பெரிய பலகைக்கு மை பூசி, துணி விரித்து, ஏறப் போகும்போது ஒரு தம்பி, "அண்ணே, நில்லுங்க. நான் வேல் செதுக்கியிருக்கேன்" என்றான். எல்லாரும் காலைப் பின்னால் எடுத்தோம். வேல் மேல் யார் மிதிப்பது? அந்தப் பலகையைக் கரண்டியால் தேய்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இலை, பூ, லயத்து வீடு செதுக்கிய பலகைகளுக்குத்தான் அன்றைக்கு உறுமி முழங்கியது.

இனி என் கதை. பாதிப் படத்தைப் பார்த்து, மீதியைப் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு, தாத்தா முகத்தை லினோ மேல் நேரடியாகப் பென்சிலால் வரைந்து செதுக்கினேன். ராத்திரி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாட்டியிடம் நீட்டினேன். பாட்டி தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா இது உங்க தாத்தா இல்ல. அவரு தம்பி மாதிரி இருக்கு."

"ஏன் பாட்டி?"

"மச்சம் வலது கன்னத்துலடா. வகிடும் மாறியிருக்கு."

அச்சில் எல்லாம் இடம்வலமாக மாறும் என்று அண்ணன் காலையிலேயே சொல்லியிருந்தார். 'ஓம்' செதுக்கிய பையன்கள் ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை. எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்பது யாருக்கும் உடனே தோன்றிவிடும். முகத்துக்குத் தோன்றாது. முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகமாகவே தெரிகிறது, தெரிந்தவர் ஒருவர் பார்க்கும்வரை.

இதற்கு வழி சுலபம். மெல்லிய டிரேசிங் தாளில் படத்தைச் சரியாக வரைந்துகொள்ளுங்கள். பென்சில் பக்கம் லினோவில் படுகிற மாதிரி கவிழ்த்துப் போட்டு, முதுகில் தேயுங்கள். படம் தானாகத் திரும்பியே லினோவில் இறங்கும். அதை அப்படியே செதுக்கினால் அச்சு நேராக வரும். நான் புது லினோ வாங்கி அடுத்த நாள் முழுக்க மறுபடி செதுக்கினேன்.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். உங்கள் வீட்டு சாமி அறையில் இருக்கும் லட்சுமி, சரஸ்வதி படங்கள் எங்கிருந்து வந்தன? ராஜா ரவி வர்மா 1894-இல் மும்பையில் ஓர் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சு. அதுவரை அவர் வரைந்த சாமி படங்கள் அரண்மனைச் சுவரில்தான் தொங்கின. அச்சான பிறகு குடிசைக்கும் வந்தன. பின்னாளில் சிவகாசி நாட்காட்டிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன, நம் தோட்டத்து லயங்கள் வரைக்கும். கோயில் மண்டபத்தில் அச்சு கற்பது புதுசில்லை, ஐயா.

இரண்டாம் நாள் மற்றவர்கள் நீல அச்சு கற்றார்கள். நான் செதுக்கிக்கொண்டே காதைக் கொடுத்தேன். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது, பெயர் சயனோடைப். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளைத் தாளில் வைத்து வெயிலில் அச்செடுத்து நூலாக்கத் தொடங்கிவிட்டார். 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட். இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டையும் சம அளவு கலந்து, வெளிச்சம் குறைந்த அறையில் தாளில் பூசிக் காயவைக்க வேண்டும். கையுறை கட்டாயம், சமையல் பாத்திரம் கூடாது, எந்த அமிலத்தையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பிறகு தாள்மேல் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், வெயில் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாறி நீலமாகும். இலை மறைத்த இடம், கழுவும்போது வெள்ளையாகும்.

கே.எல்.லில் பத்து நிமிஷம் போதுமாம். இங்கே பதினோரு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒரு தம்பி மழைக்குப் பயந்து காய்கறித் தோட்டத்து பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தான். அவனுடையது வெளிறிப்போனது. அந்த பிளாஸ்டிக் நமக்கு வெளிச்சத்தை விட்டாலும், இந்த வேலைக்குத் தேவையான புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது.

அச்செடுக்க மேல் தோட்டத்தில் தண்டலிடம் கேட்டுத் தேயிலை பறித்து வந்திருந்தார்கள். மூன்றாம் நாள் பாட்டி வேடிக்கை பார்க்க வந்தார். இருபத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவர். கூடையைப் பார்த்ததும், "யாருடா இதை ஒடிச்சது? முத்தின இலை. ரெண்டு இலை ஒரு கொழுந்து, அவ்வளவுதான்" என்று அங்கேயே பாடம் எடுத்தார். விரல் எப்படி மடங்க வேண்டும், நகம் படாமல் எப்படி ஒடிக்க வேண்டும் என்று காட்டினார். பையன்கள் மறுபடி போய்ப் பறித்து வந்தார்கள். அண்ணனும் போனார்.

மூன்றாம் நாள் பாடமே தேயிலைதான். நீல அச்சைச் சலவை சோடா கொஞ்சம் கரைத்த தண்ணீரில் போட்டால் நீலம் வெளிறி மஞ்சளாகும். படம் போச்சு என்று நெஞ்சு பதறும். பயப்படாமல் கழுவிவிட்டு, திக்கான தேத்தண்ணியில் ஊறப் போட்டால் படம் திரும்பி வரும், இந்த முறை பழுப்பும் கருப்புமாக. தாளில் இரும்பு இருக்கிறது, தேயிலையில் டானின் என்ற துவர்ப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கருப்பு.

இது நம்மவர்களுக்குப் பழைய சங்கதி. கும்பகோணம் பக்கம் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரிக்காரர்கள் கோயில் தேருக்குத் தொம்பையும், மண்டபத்துக்கு விதானமும் எழுதும் கருப்பு இதேதான். துணியைக் கடுக்காயில் ஊறவைப்பார்கள், அதில் துவர்ப்பு. துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் பல நாள் புளிக்கவைத்து எழுதுவார்கள், இதில் இரும்பு. அவர்களுக்குக் கடுக்காய், நமக்குத் தேயிலை.

எந்தத் தூள் போடுவது என்று பாட்டியிடம் கேட்டோம். "நல்ல தூள வீணாக்காதீங்க. அடித்தூள் போடுங்க, அதுலதான் சாயம் இறங்கும்" என்றார். அண்டாவில் காய்ச்சினோம். ஆறிய பிறகு முதல் தாளை அவர்தான் உள்ளே விட்டார். அரை மணி நேரத்தில் ரெண்டு இலையும் கொழுந்தும் கருப்பில் வெள்ளையாகத் தெரிந்தன. தாள் முழுக்கத் தேயிலை நிறம். பாட்டி முதலில் மோந்துதான் பார்த்தார்.

அன்று மாலை தாத்தாவின் இரண்டாவது லினோவிலிருந்து 12 பிரதி எடுத்தேன். அச்சுக் கலைஞர்கள் படத்துக்குக் கீழே பென்சிலால் 1/12, 2/12 என்று எண் போட்டுக் கையெழுத்திடுவார்கள். நானும் போட்டேன். கிள்ளானில் பெரியப்பா, ஈப்போவில் அத்தை, ரவாங்கில் சித்தப்பா, சிங்கப்பூரில் மாமா என்று ஆளுக்கொன்று போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே ராத்திரியில் வெள்ளம் வராது. லினோவைத் துடைத்து, துணியில் சுற்றி, பரண்மேல் உயரமாக வைத்திருக்கிறேன்.

பாட்டிக்கு 1/12 கொடுத்தேன். சாமி அறையில் மாட்டியாகிவிட்டது. தப்பாக வந்த முதல் அச்சைக் கிழித்துப் போடலாம் என்று தேடினால் காணவில்லை. பாட்டியின் புடவைப் பெட்டியில் இருந்தது.

"அது தப்பு பாட்டி, மச்சம் மாறிப்போச்சே."

"இருக்கட்டும். தினம் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு சவரம் பண்ணுவாரு. நான் பின்னால தேத்தண்ணியோட நிப்பேன். கண்ணாடில அவரு மொகம் இப்படித்தான் இருக்கும்."

உங்கள் கிளையில் இதை நடத்த விரும்பினால், ஆளுக்கு ஏ5 அளவில் இரண்டு லினோ தாள் வாங்குங்கள். ஒன்று போதாது.