வளரும் எலும்பைக் காப்போம்

பெங்களூருவின் ஆஸ்டின் டவுன் கால்பந்தாட்டத்திற்குப் பெயர் பெற்ற பகுதி. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இப்பகுதியில் மாலை வேளைகளில் சிறுவர்கள் பந்தாடுவதைக் காணலாம். ஓடுபவர் விழுவதும், விழுபவர் கையை ஊன்றுவதும் இயல்பு. ஊன்றிய கை வீங்கினால், "சுளுக்குத்தான், எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று வீட்டார் கூறுவதுண்டு. ஆனால், வளரும் பிள்ளைகளுக்கு அது எலும்பு முறிவாகவும் இருக்கக்கூடும்.

வளர்ச்சித் தட்டு

நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகில் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று உள்ளது. இதனை வளர்ச்சித் தட்டு என்பர். இங்குள்ள உயிரணுக்கள் பெருகி எலும்பாக மாறுவதால்தான் கைகளும் கால்களும் நீள்கின்றன. பெரும்பாலும் பெண்களுக்கு 13 முதல் 15 வயதிலும் ஆண்களுக்கு 15 முதல் 17 வயதிலும் இத்தட்டுகள் எலும்பாகிவிடுகின்றன. அதுவரை இவை, மூட்டைப் பிணைக்கும் தசைநார்களைவிட வலிமை குறைந்தவை. எனவே, பெரியவருக்குச் சுளுக்கை உண்டாக்கும் அடி, பிள்ளைக்கு முறிவை உண்டாக்கலாம்.

கனடா நாட்டு மருத்துவர்களான சால்ட்டர், ஹாரிஸ் இருவரும் 1963ஆம் ஆண்டு இம்முறிவுகளை ஐந்து வகைகளாகப் பிரித்தனர். தட்டை ஒட்டி மட்டும் பிரியும் முறிவு பெரும்பாலும் எளிதில் கூடிவிடும். தட்டைக் குறுக்கே கடந்து மூட்டுவரை செல்லும் முறிவோ, துல்லியமாகப் பொருத்தப்படாவிடில் வளர்ச்சியைப் பாதிக்கும்.

கூடாத முறிவு

முழங்கையின் வெளிப்புறத்தில் ஏற்படும் முறிவு இதற்குத் தக்க சான்று. இது பெரும்பாலும் 6 வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு ஏற்படுகிறது. குருத்தெலும்பு எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரிவதில்லை. ஆதலால் பெரிய முறிவும் சிறியதாகத் தோன்றும். முன்கைத் தசைகள் முறிந்த துண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மூட்டுநீரும் முறிவினுள் புகுந்து எலும்பு கூடுவதைத் தடுக்கும்.

முறிவு கூடாவிடில், பிள்ளை வளர வளர முன்கை வெளிப்புறமாகக் கோணும். முழங்கையின் உட்புறம் செல்லும் நரம்பு மெல்ல இழுபடும். வலி மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், மோதிர விரலின் ஒரு பகுதியும் சுண்டுவிரலும் மரத்துப்போகும். கையின் பிடியும் தளரும். சிறுவயதில் விழுந்ததன் விளைவு இது என்பதைப் பலர் அப்போதுதான் அறிகின்றனர்.

செய்ய வேண்டுவன

ஆந்திரத்தின் புத்தூர்க் கட்டைத் தென்னிந்திய மக்கள் பலரும் நம்பி நாடுகின்றனர். ஆயினும், மூட்டினுள் விலகிய துண்டை வெளியிலிருந்து கட்டும் கட்டு சரியான இடத்தில் நிறுத்தாது. அடிபட்ட இடத்தைத் தேய்ப்பதும் இறுகக் கட்டுவதும் தீங்கு தரும். இறுகிய கட்டு குருதியோட்டத்தைத் தடுக்கும்.

துண்டு விலகாதிருந்தால் மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டு, மீண்டும் படம் எடுத்துப் பார்ப்பார். விலகியிருந்தால் அறுவை செய்து மெல்லிய கம்பிகளால் பொருத்துவார். கட்டுப் பிரித்த பின்னும், மருத்துவர் கூறும் காலம்வரை சென்று காட்டுதல் வேண்டும். வளர்ச்சி நிற்பது உடனே வெளியில் தெரியாது.

எலும்பு மருத்துவத்தைக் குறிக்கும் 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்னும் சொல்லுக்கு மூலமான சொல்லை 1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி உருவாக்கினார். 'நேர்', 'குழந்தை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. கோணிய இளமரத்தைக் கோலோடு சேர்த்துக் கட்டிய படம் அவரது நூலில் இடம்பெற்றது. இளமையிலேயே நேராக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஏச்சுக்கு அஞ்சியோ ஆட்டம் தவறிவிடும் என்று கருதியோ வலியை மறைத்தல் வீரமன்று. அன்றே பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கூறுதலே அறிவுடைமை.

அருஞ்சொற்பொருள்
குருத்தெலும்பு – வளையும் தன்மையுள்ள மென்மையான எலும்பு
கோணுதல் – நேர்மை மாறி வளைதல்
குருதி – இரத்தம்

பயிற்சி
1. வளர்ச்சித் தட்டின் பணி யாது?
2. முழங்கையின் வெளிப்புற முறிவு கூடாமைக்குரிய காரணங்களை எழுதுக.
3. 'கட்டு' என்னும் சொல்லைப் பெயராகவும் வினையாகவும் அமைத்து இரு தொடர்கள் எழுதுக.
4. நண்பன் விழுந்து கை வீங்கினால் நீ செய்வன யாவை? ஐந்து வரிகளில் எழுதுக.