எம்ஜிபி காரின் பிரேக் எச்சரிக்கை விளக்கு: வயரிங் பழுதைக் கண்டறியும் முறை

அமெரிக்காவில் விற்கப்படும் கார்களின் பிரேக் இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரிந்திருக்க வேண்டும், ஒரு சுற்று செயலிழந்தால் ஓட்டுநருக்கு விளக்கு எரிந்து காட்ட வேண்டும் என்ற விதி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் அமெரிக்க வகைகளில் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் அழுத்த வேறுபாட்டைக் காட்டும் சுவிட்சும் இந்த விதியால் இடம்பெற்றன.

முன்சக்கரச் சுற்றும் பின்சக்கரச் சுற்றும் ஓர் உலோகக் கட்டையின் இரு முனைகளில் வந்து சேர்கின்றன. கட்டைக்குள் ஷட்டில் எனப்படும் சிறு உருளை இருக்கிறது. இரு பக்க அழுத்தமும் சமமாக உள்ளவரை அது நடுவில் நிற்கும். ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் ஷட்டில் அந்தப் பக்கம் நகரும். அப்போது அதன் பள்ளத்தில் அமர்ந்திருந்த சுவிட்சின் முனை மேலே தள்ளப்பட்டு, விளக்கின் வயர் எர்த்துடன் இணைகிறது. இக்னிஷன் போட்டதும் மின்சாரம் பல்பு வரை வந்து நிற்கும். சுவிட்ச் செய்வது எர்த் கொடுப்பது மட்டுமே.

லூக்காஸ் நிறுவனத்தின் வயர் வண்ண முறையில் வெள்ளை வயர் இக்னிஷனிலிருந்து நேராக வருவது. பச்சை, இக்னிஷனுக்குப் பின் ஃபியூஸ் வழியாக வருவது. கறுப்பு, எர்த். வண்ணங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கலாம். முந்தைய உரிமையாளர்கள் வயரை மாற்றியிருக்கலாம். ஆகவே அந்தந்த ஆண்டின் வயரிங் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

டாஷ்போர்டில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது என்பதால் அமைப்பு முழுவதும் சரி என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. பொத்தான் தன்னிடத்திலேயே எர்த் கொடுக்கிறது. அது சோதிப்பது பல்பையும் பல்புக்கு வரும் மின்சாரத்தையும் மட்டும். பானட்டுக்குள் செல்லும் நீண்ட வயரும் சுவிட்சும் அந்தச் சோதனைக்குள் வருவதில்லை. பொத்தானை அழுத்தியும் எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், பொத்தானின் எர்த் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்க்க வேண்டும்.

அடுத்த சோதனை சுவிட்சின் அருகில். இக்னிஷனைப் போட்டு, சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, விளக்கிலிருந்து வரும் வயரின் முனையைச் சுத்தமான உலோகத்தில் தொட வேண்டும். விளக்கு எரிந்தால் அந்த வயர் நன்றாக இருக்கிறது. பிளக்கில் எர்த் வயரும் இருந்தால் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைக்க வேண்டும். உலோகத்தில் தொட்டபோது எரிந்த விளக்கு இப்போது எரியாவிட்டால் குறை எர்த் வயரில். இரண்டிலும் எரியாவிட்டால் விளக்கு வரையிலான பாதையில் அறுந்த இடத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது புல்லட் கனெக்டர்களில் பிடித்த பச்சைக் களிம்பாகவே இருக்கும். கனெக்டரைச் சுத்தம் செய்வதோடு, தளர்ந்த உறையையும் மாற்றினால்தான் பழுது திரும்ப வராது.

விளக்கு அணையாமல் எரிந்தாலும் அதே பிளக்கைத்தான் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் எரிந்தால் வயர் எங்கோ உரசி உடலைத் தொடுகிறது, அல்லது சோதனைப் பொத்தான் உள்ளே சிக்கியிருக்கிறது. தடுப்புச் சுவரை வயர் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். பிளக்கைக் கழற்றியதும் அணைந்துவிட்டால் காரணம் சுவிட்சிலோ ஷட்டிலிலோ இருக்கிறது. சுவிட்சைத் திருகி வெளியே எடுத்து, பிளக்கை மீண்டும் மாட்ட வேண்டும். முனையை விரலால் அழுத்தும்போது எரிந்து, விட்டதும் அணைந்தால் சுவிட்சில் குறையில்லை. ஷட்டில்தான் நடுவிலிருந்து விலகியிருக்கிறது.

சுவிட்ச் இருந்த குழி உலர்ந்திருக்க வேண்டும். அங்கே பிரேக் ஆயில் ஈரம் தெரிந்தால் ஷட்டிலின் ரப்பர் சீல்கள் தேய்ந்துவிட்டன. புதுச் சுவிட்ச் போடுவது அதற்குத் தீர்வாகாது. கட்டையைப் பிரித்து சீல்களை மாற்ற வேண்டும். சுவிட்சின் உடல் நைலான் என்பதால் மிக மென்மையாகவே முடுக்க வேண்டும்.

விலகிய ஷட்டிலை நடுவுக்குக் கொண்டுவருவதற்கு முன், அது ஏன் விலகியது என்பது தெரிந்தாக வேண்டும். ஆயில் அளவு, பெடலின் ஆழம், நான்கு சக்கரங்களிலும் கசிவு ஆகியவற்றைப் பார்க்காமல் காரை ஓட்டக் கூடாது. கசிவைச் சரிசெய்து காற்றை வெளியேற்றிய பின், முதலில் அழுத்தம் குறைந்த சுற்றுக்கு எதிர்ச் சுற்றின் பிளீடர் திருகைத் திறந்து, பெடலை மெதுவாக அழுத்த வேண்டும். விளக்கு அணையும் கணத்தில் நிறுத்தித் திருகை மூட வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் ஷட்டில் மறுபக்கம் போய்விடும். காற்று வெளியேற்றும்போதெல்லாம் சுவிட்சைச் சில சுற்று தளர்த்தி வைத்தால், நகரும் ஷட்டில் அதன் முனையை உடைக்காது.

தொல்லை தருகிறது என்று பிளக்கைக் கழற்றிப்போட்டு ஓட்டும் பழக்கம் மிக ஆபத்தானது. ஒரு சுற்று போன பிறகும் கார் ஓரளவு நிற்கும் என்பதால், ஓட்டுநருக்குக் குறை தெரியாமலே போகலாம். பழுது நீங்கியதும் சுவிட்சின் இடத்திலிருந்தே எர்த் கொடுத்து விளக்கு எரிவதைப் பார்த்து, பிளக்கை மாட்டி, பெடலைப் பலமாக அழுத்தும்போதும் விளக்கு அணைந்தே இருப்பதை உறுதிசெய்த பிறகே வேலையை முடிக்க வேண்டும்.