படபடப்புக்கும் மருத்துவம் உண்டு

செந்துறை

அன்புள்ள கண்ணுக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னதை உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம்.

தேர்வு என்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, பஸ்ஸில் கூட்டம் ஏறினால் இறங்கி ஓடத் தோன்றுகிறது என்றாய். இதெல்லாம் நடிப்பும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, கை வேர்க்கிறது. காலடியில் பாம்பைக் கண்டால் உயிரைக் காப்பதும் இதே வேகம்தான். ஆபத்தே இல்லாத வகுப்பறையிலும் அது திரும்பத் திரும்ப வந்து, வாரக்கணக்கில் உறக்கத்தையும் படிப்பையும் கெடுத்தால் மருத்துவம் தேவை.

கிராம சுகாதாரச் செவிலியராக இந்த முந்திரிக்காட்டு ஊர்களில் நடந்த காலத்தில், 'வாயு' என்றும் 'பயந்த கோளாறு' என்றும் சொல்லி வந்த பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். மனநல மருத்துவரிடம் போனால் 'பைத்தியம்' என்று பெயர் வந்துவிடுமே என்று வருஷக்கணக்கில் தாங்கிக்கொண்டார்கள். நீ அப்படித் தாங்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார். தைராய்டு, ரத்தசோகை, இதயத்துடிப்புக் கோளாறு ஆகியவற்றாலும் படபடப்பு வரும். ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் அவற்றைப் பெரும்பாலும் காட்டிவிடும். அவை சரியாக இருந்தால் 'ஒன்றுமில்லை' என்று திரும்பி வந்துவிடாதே. மனநலப் பிரிவுக்குப் போ.

அங்கே என்ன செய்வார்கள் என்று பயந்தாய். பேசுவார்கள். பதற்றம் வரும் நொடியில் மனதில் என்ன எண்ணம் ஓடுகிறது என்று எழுதச் சொல்லி, அது எவ்வளவு உண்மை என்று உன்னோடு சேர்ந்து சோதிப்பார்கள். பயந்து விலகிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்ப வைப்பார்கள். முதலில் பெரம்பலூர் புது பஸ் நிலையத்தில் நிற்கும் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து இறங்குவது. பிறகு துறைமங்கலம் வரை. அப்புறம் குன்னம் வரை. விலக விலகப் பயம் வளரும். இருந்து பார்த்தால், ஏறிய படபடப்பு தானே இறங்குவதை உடம்பே கற்றுக்கொள்ளும். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். நீயாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

இதற்குப் பெரிய செலவில்லை, அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. நம் பகுதி அதற்கு முந்தைய வருஷம்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது. இன்று பெரம்பலூர் மாவட்ட அரசு மருத்துவமனையிலோ, 2022-ல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ நீ சீட்டுப் போட்டுக் காட்டலாம். உன் மருத்துவ விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கல்யாணப் பேச்சுக்குக் கெடுதல் வரும் என்று யாரும் உன்னைத் தடுக்க விடாதே.

அம்மா சிறுவாச்சூர் மதுரகாளிக்கு வேண்டிக்கொண்டிருந்தால், திங்களோ வெள்ளியோ நடை திறக்கும் நாளில் போய்க் கும்பிட்டு வா. நம்பிக்கை மனதுக்குத் தெம்பு. ஆனால் அதைச் சொல்லி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதே.

2017 செப்டம்பரில் குழுமூர் அனிதாவை இழந்த மண் இது. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியும், நீட் தேர்வால் மருத்துவப் படிப்பு கிடைக்காமல் உயிரை விட்ட பிள்ளை. அந்த இழப்பை ஒரு பெண்ணின் மனநலக் குறையாகச் சுருக்குவது அநியாயம். கிராமத்துப் பிள்ளைகளின் கனவைத் தேர்வுமுறை எப்படி நடத்துகிறது என்ற கேள்வி அதில் இருக்கிறது. அந்தக் கேள்வியை ஊர் கேட்கட்டும். உன் நெஞ்சில் ஏறும் பாரத்தை இறக்க மட்டும் அதுவரை காத்திருக்காதே. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், நடுராத்திரியானாலும் பக்கத்தில் இருப்பவரை எழுப்பு. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய், தமிழிலேயே பேசுவார்கள். என்னையும் கூப்பிடு.

மதிப்பெண் கூடும், குறையும். நீ எங்களுக்கு வேண்டும். இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போ. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாளைச் சொல். முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அத்தை